கிணறா, மறுசுழற்சி நீரா: மானியம் கேட்கும்போது எதை முதலில் எழுதுவது?

போன கோடையில் எங்கள் தெருவுக்கு ஒன்பது நாள் ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை. எங்கோ பிரதான குழாயில் உடைப்பு என்றார்கள். நான்காம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, அந்தக் கம்பி வலையைக் கொஞ்சம் தூக்கிக் குடு, சேந்திப் பாக்கறேன்" என்றார். தெருமுனையில் இருக்கும் பழைய பொதுக் கிணறு அது. குழாய்த் தண்ணீர் வந்ததும் வலை போட்டு மூடியது, மூடியதுதான். நானும் இன்னொருவரும் சேர்ந்து வலையை நகர்த்தினோம். முப்பது அடிக்குக் கீழே தண்ணீர் மின்னியது. மேலே மிதந்த பிளாஸ்டிக் பைகளைத் துரட்டியால் ஒதுக்கிவிட்டு அக்கா குடத்தை இறக்கினார். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, கழிவறைக்கு ஊற்ற என்று பதினைந்து வீடுகளுக்கு அடுத்த ஐந்து நாளும் அந்தக் கிணறுதான் ஓடியது. குடிக்க மட்டும் கேன் வாங்கினோம்.

பத்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. வலை மறுபடி கிணற்றின் மேல் ஏறியது. அதிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விதான் இந்தக் கட்டுரை. தர்மபுரி, கிருஷ்ணகிரி அளவிலான ஒரு நகராட்சி தண்ணீருக்காக மானியம் கேட்டுத் திட்ட அறிக்கை தயாரிக்க உட்கார்ந்தால், முதலில் எதற்குக் கேட்க வேண்டும்? கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலையத்துக்கா, இருக்கிற கிணறுகளையும் ஆழ்துளைக் குழாய்களையும் சீராக்கி, மழைநீரை நிலத்துக்குள் இறக்கி நீர் செறிவூட்டவா? இரண்டுமே நல்லவை. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும் அளவுக்கு ஆளோ கைக்காசோ சிறிய ஊர்களிடம் இருப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு பதிலை எல்லோரும் சொல்வார்கள்: "ஒகேனக்கல்லிலிருந்தே இன்னும் கொஞ்சம் கூடுதலா வாங்கிக்கலாமே." ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஜப்பான் நிதி நிறுவனத்தின் கடனுதவியோடு சுமார் 1,929 கோடி ரூபாயில் 2013-ல் அது வந்திருக்காவிட்டால் நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பற்களும் எலும்புகளும் இன்றைக்கு என்ன கதியில் இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' (தண்ணீரில் மிகுந்த ஃப்ளோரைடு பற்களையும் எலும்புகளையும் கெடுப்பதுதான் ஃப்ளோரோசிஸ்) என்று இருப்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் அதை விரிவாக்குவது மாநில அரசின் கையில் இருக்கும் வேலை. ஒரு நகராட்சி மன்றம் தீர்மானம் போட்டு நடத்திவிட முடியாது. அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் காசு எப்படி வருகிறது என்று பார்ப்போம். அம்ருத் 2.0 என்பது நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக 2021 அக்டோபர் 1-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். அதன் விதிப்படி, ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்குத் திட்டச் செலவில் பாதியை மத்திய அரசு தரும். ஒன்று முதல் பத்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. ஓசூர் அப்போதே தாண்டிவிட்டது. பணம் 20, 40, 40 விழுக்காடாக மூன்று தவணையில் வரும். முதல் தவணையில் வேலை நகர்ந்தால்தான் அடுத்தது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் தந்த மானியத்திலும், நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஒரு பகுதியைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கிக் கட்டிப் போட்டிருந்தது.

பெயரும் ஆண்டும் மாறினாலும் மானியத்தின் குணம் மாறுவதில்லை. கட்டுவதற்குக் காசு தரும், ஓட்டுவதற்குத் தராது. மின்கட்டணம், ஆள் சம்பளம், தேய்ந்த பாகத்துக்கு மாற்று எல்லாம் நகராட்சியின் தலையில். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டையும் எடை போட வேண்டும்.

மறுசுழற்சி நீருக்கு ஆதரவாகப் பேசும் கணக்கு வலுவானது. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் பொறியியல் அமைப்பு வைத்திருக்கும் அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கணக்கிடுவார்கள். எழுபதாயிரம் பேர் உள்ள ஊர் என்றால், குறைந்த அளவான 70 லிட்டரை வைத்தாலே நாளுக்கு 39 லட்சம் லிட்டர். 135 என்றால் 75 லட்சத்தைத் தாண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், சித்திரையிலும் ஐப்பசியிலும் ஒரே மாதிரி வரும் தண்ணீர் இது ஒன்றுதான்.

இதோடு கிணற்றுப் பக்கத்தை ஒப்பிட்டால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். ஆயிரம் சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு பள்ளிக் கட்டடம். நம் பக்கம் ஆண்டு மழை 850 மில்லிமீட்டர் அளவில். வழிந்ததும் ஆவியானதும் போக ஒரு வருடம் முழுக்க அந்தக் கூரையிலிருந்து பிடிக்கக்கூடியது ஆறே முக்கால் லட்சம் லிட்டர். ஊர்க் கழிவுநீர் இதை ஐந்து மணி நேரத்துக்குள் தந்துவிடும். ஏரியைச் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் மாறும்: பத்து ஏக்கர் ஏரியில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் நாலு கோடி லிட்டர். அதையும் கழிவுநீர் பத்தே நாளில் எட்டிவிடும். ஆக, அளவு மட்டும்தான் கேள்வி என்றால் கிணறு தோற்றுவிடும்.

ஆனால் அந்த 39 லட்சம் லிட்டர் காகிதத்தில் இருக்கும் தண்ணீர். அது நிலையம் வரை வந்து சேர வேண்டும். பாதாளச் சாக்கடைக் குழாய் தெருவில் போகும். வீட்டு இணைப்பு இருக்காது. கட்டணம், வாசலைத் தோண்டும் தொல்லை, "செப்டிக் டேங்க்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு" என்ற எண்ணம். இணைப்பு பாதி என்றால் வரும் நீரும் பாதி. நிலையத்திலோ கழிவைத் தின்று தீர்ப்பது உயிருள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இருபத்து நாலு மணி நேரமும் காற்று ஊத வேண்டும். ஊதுகுழல் நின்றால் அவை மூச்சு முட்டிச் செத்துப்போகும்; மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். மின்கட்டண நிலுவை ஏறும் ஒரு நகராட்சியில் அந்த ஊதுகுழல் எத்தனை மாதம் நிற்காமல் ஓடும் என்பதுதான் கேள்வி.

அப்புறம், தண்ணீரை யார் வாங்குவார்கள்? சென்னையைப் பாருங்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்கு நாலரை கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை (நுண்ணுயிர்கள் தின்று முடித்த நீரை மறுபடி நுணுக்கமாக வடிகட்டுவது வரை) சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து, தொழிற்சாலைகளுக்குக் குழாயில் விற்கிறார்கள். கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது. அங்கே வாங்குபவர் முன்னாலேயே இருந்தார். வாங்குபவர் தரும் காசில் நிலையம் ஓடுகிறது. நம் ஊரில் பூங்காவுக்கும் சாலை நடுவிலுள்ள செடிக்கும் ஊற்றுவதற்காக ஒரு நிலையம் கட்டினால், அந்தச் செடி மின்கட்டணம் கட்டாது.

ஓசூரின் நிலைமை வேறு, அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாநகராட்சி ஆகிவிட்டது, சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது, ஆலைகள் தண்ணீருக்கு ஏற்கெனவே காசு கொடுத்துப் பழகியவை. அங்கே மானியம் கேட்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டு மறுசுழற்சி நிலையத்துக்குத்தான் கேட்கச் சொல்வேன். ஆலை ஒவ்வொரு லட்சம் லிட்டர் மறுசுழற்சி நீரை எடுக்கும்போதும் அதே அளவு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிச்சமாகும். தேர்ந்தெடுத்த திட்டம் தப்பா சரியா என்பதை அந்தந்த ஊரின் அமைப்பே முடிவு செய்கிறது.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதை நேரில் பார்த்தவர்களுக்குக் கழிவுநீர் பற்றிப் பாடம் வேண்டாம். பெங்களூருவின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி நம் வயலுக்கு வருகிறது. அதே பெங்களூருவின் கழிவுநீரை, நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும் இரண்டாம் நிலை வரை மட்டும் சுத்திகரித்து, நம் எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018-ல் தொடங்கியது. நாளுக்கு 44 கோடி லிட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். தொடங்கிய சில வாரங்களிலேயே ஓர் ஏரியில் நுரை வந்தது, வழக்கு நீதிமன்றம் ஏறியது. வறண்டு கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஏறியது என்று அங்குள்ள விவசாயிகள் சொல்வதும் உண்மை. குடிக்கும் நிலத்தடி நீரில் இது கலக்கலாமா என்ற அச்சமும் நியாயமானது. வேப்பனப்பள்ளிப் பக்கத்து மக்களுக்கு இந்த இரண்டு பேச்சும் காதில் விழுந்திருக்கும். "நம்ம ஏரியிலும் விடலாமே" என்று யாராவது சொன்னால், மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்காத நீரை, பக்கத்தில் குடிநீர்க் கிணறு உள்ள ஏரியில் விடவே கூடாது என்பதுதான் என் பதில். மாந்தோப்புக்குச் சொட்டுநீராகப் போகட்டும், எனக்கு மறுப்பில்லை.

சரி, கிணற்றுக்கு வருவோம். இங்கேதான் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 'கிணறு மேம்பாடு' என்று திட்ட அறிக்கையில் எழுதினால் பாதிப் பேருக்கு அது 'இன்னும் ஆழமாகப் போர் போடுவது' என்றுதான் காதில் விழும். நம் மண்ணில் அது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

பென்னாகரம் பக்கம் என் மாமா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஆயா காலத்து வெட்டுக் கிணறு ஒன்று, நாற்பத்தைந்து அடி, உள்ளே நாலு பக்கமும் சைடு போர், அதாவது பக்கவாட்டில் போட்ட துளை. அது வற்றியதும் தோட்டத்தில் எழுநூறு அடிக்குப் போர் போட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஊரே வந்து பார்த்தது, அக்கம்பக்கத்துக்கும் குடிக்கக் கொடுத்தார். சில வருடங்களில் பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் விழுந்தன. பிறகு நான் ஒரு சோதனைப் பெட்டி கொண்டுபோனேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை அளந்து ஊற்றி மருந்துச் சொட்டு விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் அப்படியே நின்றால் ஃப்ளோரைடு குறைவு, மஞ்சளை நோக்கி வெளுக்க வெளுக்க அதிகம். போர்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. அடியில் கொஞ்சம் தேங்கியிருந்த பழைய கிணற்றுத் தண்ணீர் லேசாக வெளுத்து, சிவப்புச் சாயல் மாறாமல் நின்றது. மாமா இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். "நல்ல தண்ணின்னு நெனச்சுதான்டா குடுத்தேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

காரணம் பாறையில் இருக்கிறது. நம் பக்கத்துக் கருங்கல்லிலும் 'நைஸ்' எனப்படும் வரி வரியான பாறையிலும் உள்ள சில கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. ஆழத்துப் பாறை வெடிப்பில் தேங்கிய நீர் வருடக்கணக்கில் அதோடு உரசிக்கொண்டே கிடக்கிறது. கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய நீரில் அது இன்னும் எளிதாகக் கரையும். மேல் மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் நடுவே தங்கும் நீரில் ஒவ்வொரு மழைக்கும் புதுத் தண்ணீர் கலக்கிறது, அளவு நீர்த்துப்போகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இதைத் தெரியாமல் காய்ச்சிக் குடித்தவர்கள் நம் ஊரில் ஏராளம்.

அதனால் கிணற்றுக்கு மானியம் கேட்பதென்றால் ஆழத்துக்கு அல்ல, மேலேயுள்ள நீருக்கே கேட்க வேண்டும். பொதுக் கிணறுகளைத் தூர்வாருவது, உடைந்த கைப்பிடிச் சுவரைக் கட்டுவது, மேலே சரியான மூடி. அரசுக் கட்டடங்கள், பள்ளிகள், பேருந்து நிலையம் ஆகியவற்றின் கூரைத் தண்ணீரை ஜல்லி, மணல் போட்ட வடிகுழி வழியாக அந்தக் கிணறுகளுக்கும் பயனற்றுப்போன ஆழ்துளைக் குழாய்களுக்கும் இறக்குவது. தெருச் சாக்கடை நீரை எக்காரணம் கொண்டும் இறக்கக் கூடாது. ராமக்காள் ஏரி மாதிரி ஊருக்குள்ளேயே இருக்கும் ஏரிகளின் வரத்துக் கால்வாயைத் திறந்துவிடுவது. மழைநீர் சேகரிப்பை 2003-லேயே தமிழ்நாடு கட்டாயமாக்கியது. குழாய்கள் பல வீடுகளில் இன்னும் சுவரில் தொங்குகின்றன, அடியில் குழிதான் தூர்ந்து கிடக்கிறது. புதிதாகக் கட்டுவதைவிட அந்தக் குழியை மறுபடி தோண்டுவது மலிவு.

கிணற்றுத் தண்ணீர் என்றாலே சுத்தம் என்றும் நான் சொல்ல வரவில்லை. நெருக்கமான தெருவில் செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து ஐம்பது அறுபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். எத்தனை இடத்தில் இருக்கிறது? கழிவு கசிந்தால் நைட்ரேட் ஏறும், அதற்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஆகவே கிணற்றை மீட்டாலும் அதன் நீரைப் புழக்கத்துக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் செலவாகும் தண்ணீரில் குடிக்கவும் சமைக்கவும் போவது சிறு பங்குதான். மீதிப் புழக்கத்தைக் கிணறு தாங்கினால், ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வந்தாலும் குடிக்கப் போதும்.

ஓட்டும் செலவிலும் கிணறுதான் முன்னே நிற்கிறது. செறிவூட்டும் குழிக்கு மின்சாரம் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, ஆடிக்கு முன்னால், மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும். கெட்டாலும் ஒரு கிணறுதான் கெடும், ஊர் முழுக்க நிற்காது.

ஆனால் கிணற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது மானியம் வாங்கும் இடத்தில். ஒரு கிணற்றைத் தூர்வாருவது சில லட்சம். மானியம் தருகிறவர்களுக்கு அது கண்ணுக்கே தெரியாது. பல கோடி ரூபாய் நிலையம் என்றால் தெரியும். அம்ருத் 2.0-ன் இலக்கே, சுத்திகரித்த நீர் ஊர்த் தேவையில் 20 விழுக்காட்டையும் தொழில் தேவையில் 40 விழுக்காட்டையும் ஈடுசெய்ய வேண்டும் என்பது. ஆகவே மதிப்பெண் மறுசுழற்சிக்குத்தான் கூடுதல். இதற்கு நான் பார்க்கும் வழி, கிணறுகளைத் தனித்தனியாகக் கேட்காமல் ஒரு ஏரி, அதன் வரத்துக் கால்வாய், கீழ்ப்பக்கத்து இருபது முப்பது பொதுக் கிணறுகள், சுற்றியுள்ள அரசுக் கட்டடக் கூரைகள் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகக் கட்டுவது. நீர்நிலைச் சீரமைப்புக்கு அந்த மானியத்தில் இடம் இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டம், ஃப்ளோரைடு, நைட்ரேட் மூன்றையும் அளந்து தருகிறோம் என்று எழுதினால், தவணைக்கு ஆதாரம் கேட்கும்போது கையில் எண் இருக்கும்.

என் முடிவு இதுதான்: தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கிணறும் ஏரியும் முதலில். ஊரில் ஏற்கெனவே சுத்திகரிப்பு நிலையம் நல்லபடியாக ஓடி, தெளிந்த நீர் ஓடையில் வீணாக விழுகிறது என்றால் நான் மாற்றிச் சொல்வேன். அதற்கு மேல் வடிகட்டியும் குழாயும் போடுவது முழு நிலையம் கட்டுவதைவிடச் சிறிய வேலை. இல்லை, அதியமான்கோட்டை, தடங்கம் பக்கத்துச் சிப்காட்டிலோ பர்கூரிலோ ஓர் ஆலை 'இத்தனை லட்சம் லிட்டர், இந்த விலைக்கு, இத்தனை வருடம் எடுத்துக்கொள்கிறோம்' என்று கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் மாற்றிக்கொள்வேன். அந்தக் கையெழுத்தை வாங்கும் வேலைக்கு மானியம் தேவையில்லை, இப்போதே தொடங்கலாம். வீட்டு இணைப்புகளைக் கூட்டும் வேலையும் அப்படித்தான்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நான் ஒரு தாள் கொண்டுபோகப் போகிறேன். எங்கள் வார்டில் நானும் அந்த அக்காவும் நடந்து எண்ணியதில் பதினொரு பொதுக் கிணறு. மூன்றில் குப்பை, ஒன்றின் மேல் கடை, ஏழில் தண்ணீர். ஏழுக்கும் கயிறு விட்டு ஆழம் அளந்தாயிற்று. சோதனைப் பெட்டியில் ஐந்து சிவப்பாகவே நின்றன, இரண்டு வெளுத்தன. வெளுத்த இரண்டையும் தாளில் தனியாக வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.